வீட்டிலேயே கடைசி நாட்களைக் கழிக்க நினைக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீடியோ வழி மருத்துவ ஆலோசனை போதுமா?

அது மட்டும் போதாது. ஆனால் அது இல்லாமல் நான் சமாளித்திருக்க மாட்டேன். அப்பா இனி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி அவர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

என் அம்மாவுக்குப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. சிகிச்சை இனி பலன் தராது என்று தெரிந்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேட்டிவ் டாக்டர் முதல் தடவை நேரில் வந்து பார்த்தார். நர்ஸ் ஒருவர் அவ்வப்போது வந்து போனார். மீதியெல்லாம் போனில்தான். (வீடியோவில் மட்டும் பார்த்து மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்தைக் கொடுத்தார்களா என்று சண்டைக்கு வருபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.)

அம்மாவுக்குக் கேமரா பிடிக்கவில்லை. முடியெல்லாம் கொட்டியிருந்தது. "என்னை எதுக்குக் காட்டுற?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டர் அதைப் புரிந்துகொண்டு பெரும்பாலும் குரலிலேயே பேசினார். வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்பார். அம்மா பேச்சை நிறுத்திய பிறகு கேள்விகள் என் பக்கம் திரும்பின. புரட்டிப் படுக்கவைக்கும்போது நெற்றி சுருங்குகிறதா, முனகுகிறாரா, கையை இறுக்கிக்கொள்கிறாரா, தடவிக்கொடுத்தால் அடங்குகிறாரா? அதை மட்டும் சில நொடி காட்டச் சொல்வார். அவ்வளவுதான் பரிசோதனை.

வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது மார்ஃபின் திரவம். நடுவில் வலி கிளம்பினால் தனியாக ஒரு சிறு அளவு. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, அதை மறந்தால் வேறொரு வேதனை ஆரம்பமாகும். தூரத்தில் இருந்த அண்ணன், மார்ஃபின் கொடுத்து சீக்கிரம் முடிக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டுவிட்டான். அடுத்த அழைப்பில் டாக்டர் அவனையும் சேர்த்துக்கொண்டு, வலிக்கேற்ற அளவில் பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது என்று நேரடியாகச் சொன்னார். அண்ணன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீடியோ அழைப்பால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான்.

அதே அண்ணன்தான், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்றை அனுப்பி, எண்ணெல்லாம் எல்லோர் போனுக்கும் போகும்படி செய்திருந்தான். எண் இறங்கினால் எனக்கு நாலு பக்கமிருந்தும் போன். டாக்டர் அதைக் கழற்றச் சொன்னார். கை சில்லிட்டிருந்தால் அது காட்டும் எண்ணையே நம்ப முடியாதாம். அம்மா திணறாதபோது அந்த எண்ணை வைத்துச் செய்வதற்கும் ஒன்றுமில்லை. திணறல் வந்தால் ஆறுதலாக இருக்கட்டும் என்று முகத்துக்கு நேரே சின்ன மின்விசிறி வைத்தோம்.

ஒரு நடுராத்திரி மூச்சு நின்று நின்று வந்தது. அழைத்தேன். நர்ஸ் ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் இப்படி வரும், செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று சொல்வோம், அவருக்கு அது கஷ்டமாக இருக்காது என்றார். தொண்டையில் கரகரப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், உதட்டை ஈரப்படுத்துங்கள், தண்ணீர் புகட்டாதீர்கள் என்றார். வைக்காமல் லைனிலேயே இருந்தார்.

நேரில் வருவதுதான் முறை என்பவர்களுக்கு ஒன்று. உலகம் முழுக்க இந்தப் பாலியேட்டிவ் பராமரிப்பு தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லோர் வீட்டுக்கும் வர ஆள் எங்கே இருக்கிறது?

சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் ஆபீஸில் இறந்த பிறகு எடுக்க விடுப்பு உண்டு, இறந்துகொண்டிருக்கும்போது எடுக்கக் கிடையாது. பக்கத்து அறையில் அம்மா. இங்கே நான் மீட்டிங்கில், கேமராவை ஆன் பண்ணியே வைக்க வேண்டும் என்ற உத்தரவோடு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன் யாரையும் தூக்கிப் புரட்டாது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடாது. அதற்கு ஒரு ஆள் இப்போதே வேண்டும். ராத்திரியில் தேவைப்படக்கூடிய மருந்தெல்லாம் முன்கூட்டியே வீட்டில் இருக்கட்டும், நடுராத்திரி எழுதிக்கொடுக்கும் சீட்டால் பயனில்லை. இணையம் போனால் கூப்பிட சாதாரண போன் நம்பர் ஒன்று வாங்கி வையுங்கள். ராத்திரியில் எடுப்பது அப்பாவைத் தெரிந்தவரா, யாரோ ஒருவரா என்றும் கேளுங்கள். இறப்பை உறுதிசெய்ய யார் நேரில் வருவார், சான்றிதழ் யார் தருவார் என்பதையும் முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது இதையெல்லாம் கேட்பதா என்று தோன்றும். எங்களிடம் அந்தப் பேச்சை எடுத்தவரே டாக்டர்தான்.