குவாரியும் புதைபடிவமும் – கடிதம்

வணக்கம் சார்,

புதைபடிவங்கள் உள்ள நிலங்களைச் சுரங்கத்திடமிருந்து காக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் பேர்போன புதைபடிவங்கள் பலவும் சுரங்கம் வெட்டும்போது கிடைத்தவைதானே? கிடைப்பதை எடுத்து மியூசியத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால் என்ன?

ரமணன்

அன்புள்ள ரமணன்,

முதல் பாதி சரிதான். 1861இல் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவை கிடைத்தது ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் கல்குவாரிகளில். மனித மூதாதை இனத்துக் குழந்தையான ‘டாங் குழந்தை’யின் மண்டையோடு 1924இல் தென்னாப்பிரிக்கச் சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்தது. ஆனால் சோல்ன்ஹோஃபனில் கல்லைக் கையால் ஏடு ஏடாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஏட்டின் மீதும் ஒரு மனிதரின் கண் பட்டது. வெடி வைத்து, அள்ளி, நேராக அரவைக்கு அனுப்பும் இடத்தில் யார் பார்ப்பது?

2011இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் சுரங்கத்தில் ஒரு எந்திர ஓட்டுநர் பார்த்தார். கல்லின் நிறம் வித்தியாசமாக இருக்கவே எந்திரத்தை நிறுத்தினார். சுமார் 11 கோடி ஆண்டு பழைய போரியலோபெல்ட்டா என்ற டைனோசர், தோல் கவசத்தோடு அப்படியே இருந்தது. அவருடைய கண்ணைப் பாராட்டுவோம். அதே நேரம், புதைபடிவம் மாகாணத்தின் சொத்து, கண்டால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டமும் இருந்தது.

சரி, மியூசியத்துக்கு வருவோம். தனியாகக் கிடக்கும் ஒரு டைனோசரை எடுத்துவிடலாம். நியூசிலாந்தின் ஃபோல்டன் மாரில் எதை எடுப்பீர்கள்? அது சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலை ஏரியின் படுகை. வெளிர் நிறத்தில் ஒன்று, கருநிறத்தில் ஒன்று என வருடத்துக்கு இரண்டு மெல்லிய படலங்கள், லட்சம் ஆண்டுக் கணக்குக்குப் படிந்திருக்கின்றன. நடுவே இலை, பூ, மீன், பூச்சி. அந்த இலைகளின் நுண்துளைகளை வைத்து அன்றைய காற்றில் இருந்த கரியமில வாயுவின் அளவைக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுரங்க நிறுவனம் கேட்டதோ அந்தப் படலங்களையேதான், கால்நடைத் தீவனத்தில் கலக்க! மீனை எடுத்து வைக்கலாம். அது எந்த ஆண்டு, எந்தப் பருவத்து மீன் என்று சொல்வது அந்தப் படலம்தான். எதிர்ப்புக்குப் பிறகு 2023இல் டனீடின் நகராட்சி அந்த இடத்தை வாங்கிக்கொண்டது.

அதற்காகச் சுரங்கமே கூடாது என்பதல்ல என் கட்சி. உரிமம் கொடுப்பதற்கு முன்பே தொல்லுயிரியலாளர் நிலத்தைப் பார்க்கட்டும். எந்த அடுக்கைத் தொடக்கூடாது என்பது உரிமத்திலேயே இருக்கட்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு ஒருவர் களத்தில் நிற்கட்டும்.

புதைபடிவங்களுக்குப் பேர்போன ஜெர்மனியின் மெசல் குழியே எண்ணெய்க் களிப்பாறை தோண்டியதால் உருவானதுதான். 1971இல் சுரங்கம் நின்றதும் அதில் குப்பை கொட்டத் திட்டமிட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1991இல் ஹெஸ்ஸ மாநில அரசு வாங்கியது. 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது. இன்றும் அங்கே புதைபடிவம் தேடித் தோண்டுகிறார்கள், கத்தியை வைத்து ஏடு ஏடாக.