வெடித்ததா, விழுந்ததா?

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பத்தி. இருட்டில், மாடிப்படியின் கீழே ஒருவன் நிற்கிறான். மேலேயிருந்து முதலில் ஒரு 'பேங்', அடுத்து ஒரு 'க்ராஷ்', கடைசியில் ஒரு 'தட்' (thud) கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்து இடியின் 'ரம்பிள்' (rumble). அகராதியைப் புரட்டினால் பெரும்பாலும் 'பேரொலி', 'உரத்த சத்தம்' என்றுதான் வருகிறது. எது அதிகச் சத்தம், எது குறைவு என்று தெரிந்தால் அதற்கேற்ற தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். வழி சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

சத்தத்தின் அளவைப் பிடித்துக்கொண்டு போனால் வழி கிடைக்காது. அளவைச் சொல்ல டெசிபல் இருக்கிறது. இந்தச் சொற்கள் சொல்வது வேறு: எது எதன்மேல் மோதியது, மோதியபின் என்ன ஆயிற்று. உங்கள் பத்தியையே பாருங்கள், கதை முழுக்க அந்த மூன்று சொற்களில்தான் நடக்கிறது.

பேங் சட்டென்று வந்து சட்டென்று முடிவது. துப்பாக்கி வெடித்தாலும் பேங், கதவை அறைந்து சாத்தினாலும் பேங். எது என்று எழுத்தாளர் சொல்லாமல் விட்டிருக்கிறார், கீழே நிற்பவனுக்கும் தெரியாது. தமிழில் 'வெடிச்சத்தம்' என்று போட்டீர்களானால் மர்மத்தை நீங்களே உடைத்துவிடுவீர்கள். 'படாரென்று' போடுங்கள், இரண்டுக்கும் பொருந்தும். க்ராஷ் என்றால் ஏதோ சரிந்து நொறுங்குகிறது, பல பொருள்கள் சேர்ந்து எழுப்பும் ஒலி. 'சடசடவென்று சரிந்து நொறுங்கியது' என்று விரித்துச் சொன்னாலும் தப்பில்லை. தட் மந்தமானது, கனமான ஒன்று எதிரொலி இல்லாமல் தரையில் விழுவது. நம்முடைய 'தொப்' அதற்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். மூன்றில் மிகக் குறைந்த சத்தம் அதுதான், ஆனால் வாசகனை உறைய வைக்கப்போவதும் அதுதான். ஆள் விழுந்துவிட்டான் என்று அதில்தானே தெரிகிறது!

உலோகச் சத்தங்களில் இந்த நுட்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். க்ளாங் (clang) என்பது அடித்தபின் ரீங்கரிப்பது, மணியைப்போல. க்ளாங்க் (clank) என்பது ரீங்காரம் இல்லாமல் அறுந்துபோவது, கனத்த சங்கிலியைப்போல. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ங்' ஒலியை மூச்சு உள்ளவரை இழுக்கலாம், 'க்' ஒலியை இழுக்கவே முடியாது. பொருள் உச்சரிப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'கணீர்' முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்குக் கூடாது.

இனி உங்கள் ரம்பிள். மின்னல் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும் ஒரு கோடு. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். கோட்டின் அருகிலுள்ள பகுதியின் ஒலி முதலில் வரும், தூரத்துப் பகுதியின் ஒலி பின்னால் வந்து சேரும். வரும் வழியில் கீச்சொலிகளைக் காற்று விழுங்கிவிடுவதால் தாழ்ந்த ஒலியே மிஞ்சுகிறது. ஆகவே பக்கத்தில் விழுந்த இடி 'க்ராக்' (crack), எட்டத்து இடி ரம்பிள். இடி ஒன்றுதான், சொல் மாறியதும் கேட்டவன் நிற்கும் இடம் மாறிவிடுகிறது. 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்த ஓசை சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரோட்ரிகஸ் தீவில், தூரத்துப் பீரங்கிகளின் 'ரோர்' (roar, முழக்கம்) போலக் கேட்டதாக அங்கிருந்த காவல்துறைத் தலைவர் பதிவு செய்திருக்கிறார். உங்கள் கதையில் மழை இன்னும் வந்து சேரவில்லை. 'இடி இடித்தது' போதாது, 'எங்கோ இடி உருண்டது' என்று எழுதுங்கள்.

மனிதக் கூச்சலுக்கான சொற்கள் தனிக்கூட்டம், உங்கள் கதைக்கு இப்போது வேண்டாம். ஒன்று மட்டும்: 'அப்ரோர்' (uproar) என்பதில் ரோர் இருப்பது போலத் தோன்றினாலும் அது டச்சு மொழியில் கிளர்ச்சியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதனால் அதில் சத்தத்தைவிடக் கொந்தளிப்புதான் அதிகம், 'அமளி' என்றால் பொருந்தும்.

அடுத்த பக்கங்களில் இரண்டு இடங்களில் வழுக்கலாம். துப்பாக்கிக்குப் பக்கத்தில் 'ரிப்போர்ட்' என்று வந்தால் அது அறிக்கை அல்ல, வெடியோசை. 'அலவுட்' (aloud) என்று வந்தால் உரக்க என்று எழுதிவிடாதீர்கள். மனதுக்குள் இல்லாமல் வாய்விட்டு என்பதுதான் அதன் பொருள், மெல்லிய குரலிலும் அலவுடாகப் படிக்கலாம்.

அப்புறம், 'பயங்கரமான', 'காதைப் பிளக்கும்' போன்ற அடைமொழிகள் மூலத்தில் இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்காதீர்கள். படாரென்று, சடசடவென்று, தொப்பென்று. இந்த வரிசையில் அந்தப் பத்தியை ஒருமுறை எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.