போர் கேமில் பசியையும் தாகத்தையும் எங்கே வைப்பது?

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து, 1944-இல் நாகா மலையில் ஜப்பானியருக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் நடந்த கோஹிமா போரைக் களமாகக் கொண்ட கணினி கேம் ஒன்றை உருவாக்கி வருகிறோம். ஆட்டக்காரர் அஸ்ஸாம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த செக்‌ஷன் என்னும் சிறுகுழு ஒன்றின் தலைவர் (நாயக்). அவரோடு சேர்த்து எட்டுப் பேர். ஒவ்வொரு மிஷனும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். சுடுவதும் பதுங்குவதும் நன்றாக அமைந்துவிட்டன. போரின் கடுமையை உணர்த்துவதற்காகப் பசி, தாகம், உறக்கம், குளிர், காயம், மலேரியா ஆகிய ஆறுக்கும் தனித்தனியாக, திரையில் ஏறி இறங்கும் அளவுப் பட்டைகள் வைத்தோம். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லோரும் அவற்றைத் தொல்லை என்கிறார்கள். எவற்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றை நீக்கலாம்? பசியால் சிப்பாய் சாக வேண்டுமா?

பதில்: விளையாடிப் பார்த்தவர்களின் எரிச்சல் நியாயமானது. அரை மணி நேர மிஷனுக்குள் ஒரு சிப்பாய்க்கு இரண்டு முறை பசித்தால் அது மனித வயிறாக இருக்க முடியாது. பட்டை இறங்குகிறது, ஆட்டக்காரர் பொத்தானை அழுத்திப் பிஸ்கட் தின்கிறார், பட்டை ஏறுகிறது. இதில் அவர் யோசித்து முடிவெடுக்க வேண்டியது எதுவுமே இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த ஆறு துன்பங்களும் அந்தப் போரில் உண்மையாகவே இருந்தவை, ஆகவே ஆறையும் கேமில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை இருக்க வேண்டிய இடங்கள் வேறு வேறு.

இத்தகைய பட்டைகள் பரவலானதற்கு ஒரு முன்னோடி உண்டு. 2012-இல் ஆர்மா 2 என்னும் இராணுவ கேமுக்கு மோடாக (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றமாக) வெளிவந்த டே இசட் தான் அது. அதை உருவாக்கிய டீன் ஹால் நியூசிலாந்து இராணுவத்தில் பணியாற்றியவர். புருனே காட்டில் தாம் பெற்ற உயிர்பிழைப்புப் பயிற்சியே அதற்குத் தூண்டுதல் என்று கூறியிருக்கிறார். ஆனால் அந்த மோடில் மிஷன் என்று எதுவும் இல்லை. 225 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள செர்னாரஸ் என்னும் கற்பனை நிலத்தில் ஆட்டக்காரர் எங்கு போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பசிதான் அவரைப் பத்திரமான காட்டிலிருந்து கிளப்பி, மற்ற ஆட்டக்காரர்கள் துப்பாக்கியோடு அலையும் ஊர்களுக்குள் தள்ளுகிறது. மிஷன் செய்ய வேண்டிய வேலையை அங்கே பசி செய்கிறது. உங்கள் கேமில் எங்கு போக வேண்டும் என்பதை மேலிடத்து உத்தரவே சொல்லிவிடுவதால், பசிக்குச் செய்வதற்கு வேலை எதுவும் மிஞ்சவில்லை.

உங்களுக்கு உதவக்கூடிய எடுத்துக்காட்டு 2004-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 3. காட்டில் தனியாக ஊடுருவும் வீரன் உணவுக்காகப் பாம்பையும் தவளையையும் பிடிக்க வேண்டும். தெம்பு குறைந்தால் குறி தடுமாறும். வயிறு உறுமினால் அந்த ஒலி அருகிலிருக்கும் எதிரியின் காதில் விழும். பதுங்குவதுதான் அந்த கேமின் உயிர், பசியும் பதுங்குவதையே கெடுக்கிறது. உங்கள் கேமில் ஆட்டக்காரர் செய்யும் அடிப்படை வேலை எட்டுப் பேரை வழிநடத்துவது. எனவே ஒவ்வொரு துன்பமும் அவரது தலைமையைத்தான் சோதிக்க வேண்டும், அவரது சொந்த வயிற்றை அல்ல.

அடுத்து நேரக் கணக்கு. ரத்தப்போக்கு நிமிடங்களில் கொல்லும். தாகம் மணிக்கணக்கில் வதைக்கும். உறக்கமின்மை ஓரிரு நாட்களில் ஆளைத் தடுமாறச் செய்யும். பசி பல நாட்களில் படையைக் கரைக்கும். மலேரியா வாரக் கணக்கில் வந்து சேரும். ஆறுக்கும் ஒரே வேகத்தில் இறங்கும் பட்டை வைத்ததுதான் உங்கள் அமைப்பின் அடிப்படைக் கோளாறு. கேமின் ஒரு நிமிடத்தைக் களத்தின் 12 நிமிடமாக வைத்துக்கொண்டால், அரை மணி மிஷன் ஆறு மணி நேர ரோந்துக்குச் சமமாகும். ஆறு மணி நேரத்துக்குள் ஒரு தலைவரை நெருக்கக்கூடியவை காயமும் தாகமும் மட்டுமே. மற்றவை மிஷன்களுக்கு இடையில் வரும் முகாம் திரைக்குப் போய்விட வேண்டும். ரத்தப்போக்கை மட்டும் இந்த 12 மடங்கு வேகத்தில் ஓடவிடாமல் உண்மை நேரத்தில் ஓடவிடுங்கள். இல்லையென்றால் தொடையில் குண்டு பட்டவர் சில நொடிகளில் இறந்துவிடுவார், அருகில் ஓடிச் சேர்வதற்கே நேரம் இருக்காது.

உணவைப் பொறுத்தவரை, நீங்கள் தேர்ந்தெடுத்த களமே பாதி வடிவமைப்பைச் செய்து கொடுத்துவிடுகிறது. 1944 மார்ச்சில் முதாகுச்சியின் தலைமையிலான ஜப்பானிய 15-ஆம் படை, ஏறத்தாழ மூன்று வார உணவோடுதான் இம்பாலை நோக்கிக் கிளம்பியது. அதற்குள் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்து அங்கிருப்பதைத் தின்னலாம் என்பது கணக்கு. இறைச்சிக்காக ஓட்டிவந்த மாடுகளில் பல சிந்துவின் ஆற்றைக் கடக்கும்போதும் மலைப்பாதைகளிலும் மடிந்தன. கிடங்குகள் எதிர்பார்த்தபடி கைக்கு வரவில்லை. கோஹிமாவை முற்றுகையிட்ட 31-ஆம் டிவிஷனின் தளபதி சாத்தோ, உணவும் தோட்டாவும் வந்து சேராத நிலையில், மே மாத இறுதியில் மேலிடத்து உத்தரவை மீறிப் பின்வாங்கத் தொடங்கினார். அந்தப் படையெடுப்பில் இறந்த ஜப்பானியர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும்தான். பிரிட்டிஷ் இந்தியத் தரப்பிலோ டகோட்டா சரக்கு விமானங்கள் பாராசூட்டில் பொருள்களை இறக்கிக்கொண்டிருந்தன. (பட்டுத் துணிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், கல்கத்தாவில் சணலால் செய்யப்பட்ட பாராசூட்டுகளும் பயன்பட்டன. மரங்களில் அவை தொங்கும் காட்சியை உங்கள் ஓவியர் விட்டுவிடக் கூடாது.)

ஆகவே உணவு உங்கள் கேமில் ஒரே ஓர் எண்ணாக இருந்தால் போதும்: செக்‌ஷனின் கையில் எத்தனை நாள் ரேஷன் இருக்கிறது என்பதே அந்த எண். முகாம் திரையில் அது தெரியட்டும். முழு ரேஷனா, அரை ரேஷனா என்பதை ஆட்டக்காரர் தீர்மானிக்கட்டும். அரை ரேஷனில் இரண்டு மிஷன்கள் கடந்தால் ஆட்களின் சுமக்கும் திறன் குறையட்டும். ரேஷனைப் பெருக்க இரண்டு வழிகள் போதும். ஒன்று, விமானத்திலிருந்து விழும் பொதிகளை மீட்கப் போவது. கோஹிமாவில் இறக்கப்பட்ட பொதிகளில் சில ஜப்பானியரின் கையில் விழுந்ததும், அவற்றில் இருந்த மோர்ட்டார் குண்டுகள் கோஹிமாவைக் காத்தவர்கள் மீதே திரும்பி வந்ததும் உண்மையில் நடந்தவை; எனவே பொதியை விட்டுவிட்டால் அடுத்த மிஷனில் எதிரியின் கை வலுக்கும் என்று விதி வைப்பதில் மிகை எதுவும் இல்லை. மற்றொன்று, நாகா கிராமங்களிலிருந்து அரிசி பெறுவது. அங்குள்ள மக்கள் வழிகாட்டிகளாகவும், சுமை தூக்குபவர்களாகவும், காயமுற்றோரை மலையிறக்கியவர்களாகவும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குப் பெரிதும் உதவினார்கள். அரிசியை விலை கொடுத்து வாங்கினால் அந்த உதவி தொடரும், பறித்தால் நின்றுபோகும். இதற்கு 'நன்மதிப்பு' என்று தனிப் பட்டை தேவையில்லை. அடுத்த மிஷனின் தொடக்கத்தில் வழிகாட்டி வந்திருக்கிறாரா இல்லையா என்பதே அதைச் சொல்லிவிடும்.

தாகத்தை எடையோடு கட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிட நேர்மையான விதி எந்த கேமிலும் இல்லை. அமெரிக்க இராணுவத்தின் 1990-ஆம் ஆண்டு நடைப்பயணக் கையேடு, சண்டையிடும்போது ஒருவர் சுமப்பது 48 பவுண்டுக்கும், களத்தை நோக்கி நடக்கும்போது 72 பவுண்டுக்கும் மேற்படக் கூடாது என்கிறது. அதாவது ஏறத்தாழ 22 கிலோ, 33 கிலோ. இவை பிற்கால எண்கள்தான், ஆனாலும் முதுகெலும்பு 1944-க்குப் பிறகு மாறிவிடவில்லை. 22 கிலோ வரை இயல்பான வேகம், அதற்கு மேல் 33 கிலோ வரை ஏற்றத்தில் மட்டும் மந்தம், அதையும் தாண்டினால் ஓட முடியாது என்று மூன்று நிலைகள் வையுங்கள். பிரென் இயந்திரத் துப்பாக்கி ஏறத்தாழ 10 கிலோ, கையெறிகுண்டு முக்கால் கிலோ, நிறைந்த தண்ணீர்க் குப்பி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஏற்றத்தில் மணிக்கு ஒரு லிட்டர், சமதளத்தில் அரை லிட்டர் என்று தொடங்கிப் பிறகு சோதித்துத் திருத்துங்கள். இனி ஆட்டக்காரர் மிஷனுக்கு முன் யோசிக்கத் தொடங்குவார்: ஆளுக்கு ஒரு குப்பி கூடுதலாக எடுத்தால் கையெறிகுண்டுகளைக் குறைக்க வேண்டும்; குறைத்துக்கொண்டால் வழியில் ஓடையை ஒட்டிப் போக வேண்டும், ஓடையை எதிரியும் அறிவான். கோஹிமாவின் காரிஸன் குன்றில் முற்றுகைக்கு உள்ளானவர்கள் தண்ணீர் ஆதாரத்தை ஜப்பானியரிடம் இழந்தபின், இருட்டில் மட்டுமே போய்வரக்கூடிய ஊற்று ஒன்றை நம்பியிருந்தார்கள். காலிக் குப்பிகளோடு போய் நிறைத்த குப்பிகளோடு மேலேறி வரும் அந்த இரவை ஒரு முழு மிஷனாகவே அமைக்கலாம். திரும்பும்போது சுமை கூடி நடை மந்தமாவதால், துப்பாக்கிச் சத்தம் ஒன்றுகூட இல்லாமலே பதற்றம் ஏறும்.

காயத்தில்தான் குழுக்கள் வழக்கமாக வழி தவறுகின்றன. ஆர்மா 3-க்கான ஏஸ் என்னும் மோடில் பல வகைக் கட்டுகள், டூர்னிகே (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டி), மார்ஃபின், சலைன், உடலில் மீதமுள்ள ரத்தத்தின் அளவு என்று மருத்துவம் விரிவாகக் கையாளப்படுகிறது. நண்பர்கள் பலர் சேர்ந்து ஆடும்போது, அவர்களில் ஒருவர் மருத்துவராகவே வர விரும்பும் இடத்தில், அது அருமையாக வேலை செய்யும். தனியாக அமர்ந்து கணினி இயக்கும் ஏழு பேரை நடத்துபவருக்கு அது வெறும் மெனு. உங்களுக்கு இரண்டே செயல்கள் போதும்: கட்டுப் போட்டு ரத்தத்தை நிறுத்துவது, தூக்கிச் செல்வது. மலைப்பாதையில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நான்கு பேர் வேண்டும். எட்டுப் பேரில் ஒருவர் வீழ்ந்து நால்வர் தூக்கினால், துப்பாக்கி பிடிக்க மூவர்தான் மிஞ்சுவார்கள். இந்தக் கழித்தல் கணக்கு ஏற்படுத்தும் நெருக்கடியை எந்த ரத்தப் பட்டையாலும் ஏற்படுத்த முடியாது. முன்னேறுவதா, திரும்புவதா, இருவரைக் காவல் வைத்து அவரை அங்கேயே மறைத்துவிட்டுப் போவதா என்ற முடிவு ஆட்டக்காரருடையது. கிராமத்து அரிசியை அவர் பறிக்காமல் இருந்திருந்தால், தூக்குவதற்கு ஊர்மக்கள் வருவார்கள்.

மலேரியாவுக்கு முகாம் திரைதான் இடம். 2008-இல் வந்த ஃபார் க்ரை 2-இல் அவ்வப்போது பார்வை மங்கும், ஆட்டக்காரர் மாத்திரையை விழுங்குவார், தீர்ந்தால் தேடிப் போவார்; துணிச்சலான முயற்சிதான், ஆனாலும் என் கணிப்பில் அது பொத்தான் வேலையாகவே முடிந்துவிட்டது. பர்மா முனையில் மலேரியா படை ஒழுங்கைச் சார்ந்த பிரச்சினையாக இருந்தது. 1943-இல் காயத்தால் வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்று பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியாவைத் தடுக்கும் மெப்பாக்கிரின் மாத்திரை கசக்கும், தோலை மஞ்சளாக்கும், ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியும் இருந்தது. ஆகவே சிப்பாய்கள் அதைத் தட்டிக்கழித்தார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனைகள் நடத்தி, ஒழுங்காகக் கொடுக்காத படைப்பிரிவுகளின் அதிகாரிகள் மூவரைப் பதவியிலிருந்து நீக்கினார். உங்கள் விதியும் இவ்வளவுதான்: முகாமில் இருக்கும் சொற்ப நேரத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி மாத்திரை கொடுப்பதா, ஆயுதம் துடைப்பதா, உறங்கவிடுவதா? மூன்றில் இரண்டுக்குத்தான் நேரம் இருக்க வேண்டும். மாத்திரையை விட்டதன் விளைவு உடனே தெரியக் கூடாது. இரண்டு மூன்று மிஷன்கள் கழித்து, பிரென் துப்பாக்கிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்ற செய்தி வரட்டும். உறக்கமும் இந்த மூன்றில் ஒன்றாக அடங்கிவிடுவதால் அதற்குத் தனி விதி வேண்டாம்.

குளிரை நனைந்திருக்கிறாரா, காய்ந்திருக்கிறாரா என்ற ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள். மழையில் நனைந்தபடி இரவைக் கழித்தால் மறுநாள் சுமக்கும் திறன் குறையும், நனைந்த காயக்காரர் விரைவாகத் தளர்வார். இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை.

இவற்றையெல்லாம் திரையில் எப்படிக் காட்டுவது என்று அடுத்து கேட்பீர்கள். மிஷனுக்குள் பட்டைகளே வேண்டாம். ஒவ்வொரு சிப்பாயும் நன்றாக இருக்கிறார், தளர்ந்திருக்கிறார், முடியாமல் இருக்கிறார் என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பார். நிலை மாறும்போது மட்டும் அவர் பேச்சிலோ நடையிலோ அது தெரிய வேண்டும். இருமல், பின்தங்குதல், குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தல், 'நாயக் சாப், தண்ணீர் தீர்ந்துவிட்டது' என்ற ஒரு வரி ஆகியவை போதுமானவை. அடுத்தவர் தளர்வதைப் பார்த்துத் தலைவர் தன் திட்டத்தை மாற்றுவதுதான் நீங்கள் தேடும் அனுபவம்.

பசியால் சிப்பாய் சாக வேண்டாம். பசித்தவர் மெதுவாக நடப்பார், மெதுவாக நடப்பதால் மிஷன் நீளும், நீள்வதால் மேலும் பசிப்பார் என்ற சுழலில் ஆட்டக்காரர் சிக்கினால், தோல்வி எங்கே தொடங்கியது என்பதே தெரியாமல் கேமை மூடிவிடுவார். அதனால் பசியின் விளைவுக்கு ஓர் அடிமட்டம் வையுங்கள்; சுமக்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. உணவு அறவே தீர்ந்தால், சாத்தோ எடுத்த முடிவை ஆட்டக்காரருக்கும் திறந்துவிடுங்கள்: நிலையைக் கைவிட்டுப் பின்வாங்கலாம். அதைத் தோல்வித் திரையாக்காமல், ஆட்களைக் காப்பாற்றி அடுத்த மிஷனுக்குக் குறைந்த சாதகத்தோடு போகும் வழியாக அமைக்க வேண்டும்.

மூவர் மட்டுமே வேலை செய்வதால் முதலில் எடை விதியை எழுதுங்கள். தண்ணீர், தோட்டா, ஸ்ட்ரெச்சர் மூன்றும் அதைத்தான் சார்ந்திருக்கின்றன. அடுத்து ரேஷன் எண்ணும் முகாம் திரையும், கடைசியாக மெப்பாக்கிரின். ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகு, கேமை அறியாத ஒருவரை இரண்டு மிஷன்கள் ஆடவிட்டு, 'தண்ணீருக்காக நீங்கள் எந்த முடிவை மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். அவரால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லையென்றால் எண்களைத் திருத்தி மீண்டும் ஆடவிடுங்கள். அப்போதும் பதில் வராவிட்டால், எவ்வளவு உழைத்து எழுதியதாக இருந்தாலும் அந்த விதியை நீக்கிவிடுங்கள்.