கம்ப்யூட்டர் கேள்வி பதில்: 127 டிகிரி காட்டினால் மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: என் மகன் வீடியோ எடிட்டிங்குக்காக ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறான். இன்டெல் ஐ5-12400 பிராசசர், அதோடு சேர்ந்து வந்த ஃபேன்தான். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மார்ச் மாதம் வீடு மாறினோம். அதற்கப்புறம் எடிட் முடித்த வீடியோவைக் கோப்பாக எடுக்க எக்ஸ்போர்ட் போட்டாலே ஃபேன் ஓயாமல் இரைகிறது, வேலையும் முன்னைவிட ரொம்ப நேரம் இழுக்கிறது. வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூமானிட்டர் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பிராசசர் 99 டிகிரி, சும்மா இருக்கும்போது 47, எஸ்எஸ்டி 58, அப்புறம் டிஎம்பிஐஎன் 6 என்று ஒரு வரியில் 127 டிகிரி! சர்வீஸ் கடையில் அந்த 127-ஐப் பார்த்ததும் மதர்போர்டு போய்விட்டது, மாற்றணும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம் சார். நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்துப் பார்த்தால் மதர்போர்டு மேல் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

முதலில் அந்த 127. போர்டில் வெப்பநிலையைக் கண்காணிக்கும் ஒரு சிப் இருக்கிறது, அதற்கு ஏழெட்டு சென்சார்களை இணைக்கலாம். எல்லாக் கம்பெனியும் எல்லா இடத்திலும் சென்சார் வைப்பதில்லை, சில பின்கள் வெறுமனே விடப்பட்டிருக்கும். மென்பொருளுக்கு அது தெரியாது, காலியான பின்னையும் படித்து ஒரு எண்ணைப் போட்டுவிடும். அந்த எண்ணை எட்டு பிட்டில், அதாவது 0, 1 என்ற எட்டு இலக்கங்களில் வைக்கிறார்கள். அதில் பிளஸ், மைனஸ் இரண்டையும் எழுதினால் மைனஸ் 128 முதல் 127 வரைதான் எழுத முடியும், அந்த உச்ச எண்ணைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். வேறு போர்டுகளில் இதே மாதிரி மைனஸ் 128 என்றுகூட வரும். காலையில் ஆன் செய்த உடனே பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்தும் பாருங்கள். இரண்டு முறையும் 127-லேயே அசையாமல் நின்றால் அந்த வரியை மறந்துவிடலாம். இதைச் சொல்லாமல் போர்டை மாற்றச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது, ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

47-ம் பிரச்சினை இல்லை. வேலூர் வெயிலில் உங்கள் அறை 35 டிகிரி இருந்தால் பிராசசர் சிப் அதைவிட 12 டிகிரிதான் கூட. காற்றால் குளிரும் எந்தச் சிப்பும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது, அறை ஐந்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அதே ஐந்து ஏறும். ஏசி ரூமில் எடுத்த யாரோ ஒருவருடைய 30 டிகிரி படத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். எஸ்எஸ்டியின் 58-ம் சரியான எண்தான், 70-ஐத் தாண்டினால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் 99-ஐ நம்புங்கள். இன்டெல் சிப்புக்குள் இருக்கும் சென்சார் நேரடியாக டிகிரியைச் சொல்வதில்லை, தன் உச்ச வரம்புக்கு இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்றுதான் சொல்கிறது. உங்கள் சிப்புக்கு வரம்பு 100, மென்பொருள் அதிலிருந்து கழித்து நமக்குக் காட்டுகிறது. அதனால் கீழே 40, 45 என்று காட்டும்போது சில டிகிரி முன்னேபின்னே இருக்கலாம், வரம்புக்குப் பக்கத்தில் வரவர அளவு துல்லியமாகிறது. 100-ஐத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் மகனின் எக்ஸ்போர்ட் இழுப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இன்னொரு மென்பொருளைப் போட்டு தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரியில் எஸ் என்று வருகிறதா பாருங்கள், வந்தால் உறுதி. சிப் எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அதற்கும் மேலே போனால் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும்.

ஏன் 99 வருகிறது? இதைக் கண்டுபிடிக்க எண்ணைவிட அது ஏறும் விதம்தான் முக்கியம். எக்ஸ்போர்ட்டைத் தொடங்கிவிட்டு முதல் பத்து நொடியைக் கவனியுங்கள். 47-லிருந்து இரண்டு மூன்று நொடியில் 90-க்கு மேல் பாய்ந்தால், சூடு ஹீட்சிங்குக்கு, அதாவது ஃபேனுக்கு அடியில் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம், அதாவது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. அப்படியில்லாமல் 70, 75 என்று நின்று, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாக ஏறினால், ஹீட்சிங்க் தன் வேலையைச் செய்கிறது, பெட்டிக்குள் இருக்கும் சூடான காற்றுதான் வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். எட்டுப் பத்து டிகிரி இறங்கினால் சந்தேகமே வேண்டாம், தூசியும் காற்றோட்டமும்தான் காரணம். நம் வீடுகளில் கம்ப்யூட்டர் மேஜைக்குள் மூன்று பக்கமும் பலகை அடைத்த அறை இருக்குமே, அதற்குள் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள்.

வீடு மாறிய பிறகு தொடங்கியது என்கிறீர்கள், அதனால் எனக்கு முதல் சந்தேகம் ஹீட்சிங்கின் நான்கு கால்கள் மேல்தான். இந்த ஃபேனுக்கு ஸ்க்ரூ கிடையாது, பிளாஸ்டிக் கால்களை போர்டில் அழுத்திப் பொருத்தியிருக்கும். வண்டியில் குலுங்கி வந்ததில் ஒரு கால் நழுவினாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். எனக்கே ஒரு முறை இது நடந்தது, இரண்டு தடவை பேஸ்ட் மாற்றியும் சூடு குறையவில்லை, கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு கால் பாதிதான் இறங்கியிருந்தது. மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்கை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கழற்றினால் பழைய பேஸ்ட்டின் மேல் அப்படியே திரும்ப வைக்காதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் சிப்பின் மேல்பக்கம், ஹீட்சிங்கின் அடிப்பக்கம் இரண்டையும் துடைத்து, சிப்பின் நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் டிக் என்று சத்தம் கொடுக்கும். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

இதெல்லாம் செய்தும் 95-க்குக் கீழே வரவில்லை என்றால், இரண்டு சோதனையின் எண்களையும் அறையின் வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள், பார்க்கலாம்.

கேள்வி: புதிதாக ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர் வாங்கினேன். வேலை கொடுத்தால் 95 டிகிரியில் போய் நிற்கிறது. நண்பர்கள் திருப்பிக் கொடு என்கிறார்கள்.
- ஒரு வாசகி, கோவை

பதில்: திருப்பாதீர்கள். 2022-இல் வந்த இந்த ரைசன் 7000 வரிசையை ஏஎம்டி அப்படித்தான் வடிவமைத்தது: 95 வரை இடம் இருந்தால் அதை முழுக்கப் பயன்படுத்தி வேகத்தைக் கூட்டும். கூலர் நல்லதாக இருந்தால் அதே 95-இல் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும், அவ்வளவுதான். அறை சூடாவது தொந்தரவாக இருந்தால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோட் என்பதை 65 வாட்டுக்கு வையுங்கள். சூடு நன்றாக இறங்கும், அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோடையில் அதைத்தான் செய்வேன்.