வளமற்ற வறண்ட நிலத்தில் நடும் மரக்கன்றுகள் முதல் கோடையிலேயே பட்டுப்போவது ஏன்? அவற்றை எப்படி நிலைக்கச் செய்வது?

உரக்குறைவே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இறுகிப்போன மேல்மண்ணுக்குள் மழைநீர் இறங்காமல் வழிந்தோடிவிடுவதே பெரும்பாலும் முதல் காரணம். ஆகவே, கன்றுகளைத் தேடுவதற்கு முன்பே, சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்புகளையும், மேட்டுப்பக்கம் திறந்த பிறைவடிவக் குழிகளையும் அமைத்து, ஓடும் நீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும்.

மண் ஆழமாக நனைந்ததும், மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே நட்டுவிடுங்கள். அப்போதுதான் கோடைக்கு முன் வேர்கள் ஈரம் தங்கும் ஆழத்தை எட்டும். பையில் நெடுநாள் இருந்து வேர் சுருண்டுபோன உயரமான கன்றைவிட, நேரான வேருள்ள சிறிய கன்றுக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உயரத்தைப் பார்த்து ஏமாறுவோர் மிகப் பலர்.

வேல், வாகை போன்ற அவரைக் குடும்ப மரங்கள், வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்படுத்துவதால், சத்தற்ற மண்ணிலும் வளர்கின்றன. சீமைக்கருவேலும் அந்தக் குடும்பமே என்றாலும், அது கட்டுக்கடங்காமல் பரவிப் பிற செடிகளை ஒடுக்கிவிடுவதால் தவிர்ப்பது நல்லது.

நிலத்தில் உயிருள்ள அடிக்கட்டைகள் இருந்தால், புதிதாக நடுவதைவிட அவற்றைக் காப்பதே மேல். ஆப்பிரிக்காவின் நைஜரில் 1980-களிலிருந்து, அடிக்கட்டைகளில் துளிர்த்த தண்டுகளில் வலுவான சிலவற்றை மட்டும் விட்டு, கவாத்து செய்து, மேய்ச்சலிலிருந்து காத்தே, விவசாயிகள் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டிருக்கிறார்கள்.