பப்பாளியைத் தின்பது யார்?

கேள்வி: பல்லடம் பக்கம் தோட்டத்து வீடு. வெயில் காலம் முடியப்போகிறது. பறவைகளுக்கு வாளியில் தண்ணீர் வைத்தும் காக்கை மட்டுமே வருகிறது. இரவில் பப்பாளியை ஏதோ தின்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாளிதான் தடை. சிறு பறவைகள் கால் ஊன்றித்தான் குடிக்கும், குளிக்கும். அகலமான மண் தட்டில் இரண்டு அங்குலம் தண்ணீர் போதும். நடுவில் தலை வெளியே தெரிய ஒரு கல் வையுங்கள். எவர்சில்வர் வேண்டாம், வெயிலில் சுடும். புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, நிழலில் வையுங்கள். புதரை ஒட்டினால் பூனை பதுங்கிப் பாயும். வெட்டவெளி என்றால் வல்லூறுக்குப் பயந்து பறவை இறங்காது. தினமும் தேங்காய் நாரால் சோப்பில்லாமல் தேய்த்துத் தண்ணீர் மாற்றினால் பாசியும் கொசுப்புழுவும் சேராது. அடிக்கடி இடம் மாற்றாதீர்கள்.

காலை 6 முதல் 8 வரை, மாலை 4.30-க்கு மேல், முப்பதடி தள்ளிச் சுவரில் சாய்ந்து அசையாமல் உட்காருங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டத்தைக் கவனியுங்கள். தன்னைப்போல் இல்லாத, கொண்டை வைத்த குஞ்சுக்கு அது இரை ஊட்டினால், அந்தக் குஞ்சு தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் சுடலைக்குயிலுடையது.

இரவு விருந்தாளிக்கு, கேமராவை விட மண்ணையே முதலில் நம்பலாம். பப்பாளி மரத்தடியில் மூன்றடிச் சதுரத்துக்குச் சலித்த மண்ணை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, அந்தி சாயும் நேரத்தில் பலகையால் மட்டம் செய்யுங்கள். உலர்ந்த மணலில் தடம் சரிந்துவிடும், சேற்றில் விரல்கள் ஒட்டிக் குழம்பிவிடும். விடிந்ததும் சாய்வெயிலில் பாருங்கள்; ஒன்பது மணிக்கு மேல் நிழல் குறைந்து தடம் மங்கும். பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படமெடுத்தால் அளவு தெரியும்.

நான்கு விரல், நகம் பதியாதது பூனை. நான்கு விரலோடு நகமும் பதிந்தால் நாய் அல்லது நரி. ஐந்து விரல் என்றால் கீரி அல்லது மரநாய். கீரி பகலில் நடமாடுவது, ஆகவே இரவில் விழுந்த தடம் பெரும்பாலும் மரநாயுடையது. மதில்மேல் விதைகள் அப்படியே கிடக்கும் எச்சமும் இருந்தால் சந்தேகமே இல்லை. தடமே விழாமல், சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை கிடந்தால் பழந்தின்னி வவ்வால்.

கடிபட்ட பழத்தை வெட்டிவிட்டுக்கூடச் சாப்பிடாதீர்கள். வவ்வால் எச்சில் வழியாக நிபா வைரஸ் பரவ வாய்ப்புண்டு. எச்சத்தைக் கையால் தொடவும் வேண்டாம். மரநாயைப் பொறி வைத்துப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழுக்கப்போகும் காயை மட்டும் சாக்குப்பையால் மூடிக் கட்டுங்கள். நைலான் வலை போடாதீர்கள், வவ்வாலும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாகும்.