வலிக்காத புண்ணுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்

மருத்துவர் பதில்கள்: தொற்று, காயம், நோய் எதிர்ப்புச் சக்தி

கேள்வி: கத்தி பட்டு விரலில் வெட்டுக்காயம் ஏற்பட்டு இரண்டு நாள் ஆகிறது. காயத்தைச் சுற்றிச் சிவந்து, சற்று வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. சீழ் பிடிக்கப்போகிறதா? இப்போதே ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்கிவிடலாமா?

பதில்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்கள் என்று ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்திருக்கிறார். வெட்டுப்பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர் வழியே நீரும் வெள்ளை அணுக்களும் திசுவுக்குள் இறங்குவதால்தான் அந்த இடம் சிவந்து, தடித்து, சுடுகிறது. கிருமி உள்ளே பெருகாத காயத்திலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இவை இருக்கும்; உடல் தன்னைப் பழுதுபார்க்கத் தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

எனவே இன்று எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதைவிட, நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சிவப்பின் எல்லையில் பேனாவால் ஒரு கோடு வரைந்து வையுங்கள். மறுநாள் சிவப்பு அந்தக் கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் கவலை வேண்டாம். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, குறைய வேண்டிய வலி கூடினாலோ, சீழ் கசிந்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, விரலிலிருந்து கை மேலே சிவப்பு வரி ஓடினாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். விரலை மடக்கவோ நீட்டவோ முடியாத நிலையும் அவ்வாறே அவசரமானது. விரலின் தசைநார் உறைக்குள் தொற்று புகுந்தால் சில மணி நேரத் தாமதமும் விரலின் இயக்கத்தைப் பாதிக்கக்கூடும். இவை எதுவும் இல்லாத சிறு காயத்துக்கு மாத்திரை தேவையில்லை.

கேள்வி: காயத்தைக் காற்றாடத் திறந்து விட்டால்தான் காய்ந்து சீக்கிரம் ஆறும் என்று வீட்டில் சொல்கிறார்கள். தினமும் ஸ்பிரிட் ஊற்றியும் துடைக்கிறோம். சரிதானா?

பதில்: இரண்டையும் நிறுத்திவிடுங்கள். காயம் காய்ந்தால்தான் ஆறும் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஒரே அளவான மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடியும் மற்றவற்றைத் திறந்தும் விட்டுப் பார்த்தார். மூடி ஈரப்பதத்துடன் வைத்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மூடிக்கொண்டது. காரணம் எளிமையானது. காயத்தின் விளிம்பிலிருந்து புறப்படும் தோல் அணுக்கள் ஈரமான பரப்பின் மீது நகர்ந்து சென்று எதிர் விளிம்பைத் தொட வேண்டும். மேலே கெட்டியான பொருக்கு கட்டிவிட்டால், அவை அதன் அடியில் ஈரம் உள்ள ஆழம் வரை இறங்கி வழி தேட வேண்டியிருக்கிறது.

ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்லத் தெரியாதவை. காயத்தை ஆற்ற வந்த அணுக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. ஊற்றியவுடன் நுரைப்பதையும் எரிவதையும் மருந்து வேலை செய்வதற்குச் சான்றாகப் பலர் எண்ணுகிறார்கள். அந்த எரிச்சல் உங்கள் திசு படும் துன்பம். குடிப்பதற்கு ஏற்ற சுத்தமான தண்ணீரைச் சில நிமிடங்கள் காயத்தின் மீது ஓடவிட்டு, மண்ணும் தூசும் போகும்வரை கழுவி, சுற்றியுள்ள தோலைச் சோப்பால் சுத்தம் செய்து, மெல்லிய பூச்சாக வாசலின் தடவி, ஒட்டாத துணிக்கட்டால் மூடுங்கள். கட்டு நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றுங்கள். இரத்தம் நிற்கவில்லையெனில் சுத்தமான துணியால் பத்து நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு முறையும் அப்போதுதான் உறைந்த இரத்தம் பிய்ந்து வந்துவிடுகிறது.

கேள்வி: தையல் பிரித்துவிட்டார்கள். இனி எடை தூக்கலாமா?

பதில்: தோல் மூடிக்கொண்டாலும் உள்ளே வலு சேர நாளாகும். மூன்று வாரத்தில் தழும்புக்கு இருப்பது பழைய தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான். முழுமையாக முதிர்ந்த பின்னும் அது ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. வயிற்று அறுவைச் சிகிச்சை என்றால் எப்போது தூக்கலாம் என்பதை உங்களுக்கு அறுவை செய்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: துருப்பிடித்த ஆணி குத்தியதால் டெட்டனஸ் நோயைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து இப்போது கண்ணாடி கீறியிருக்கிறது. ஒவ்வொரு காயத்துக்கும் இந்த ஊசி போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். சிறுவயதில் தடுப்பூசித் தவணைகளை முறையாக முடித்தவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால், கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தால் மட்டுமே மறு ஊசி தேவை. மண்ணோ சாணமோ பட்ட காயம், ஆழமாகக் குத்திய காயம் என்றால் ஐந்து ஆண்டுகள் என்று கணக்கு. இதுவரை மூன்று தவணைகளைக்கூட முடிக்காதவருக்கோ, போட்டதாக நினைவே இல்லாதவருக்கோ அழுக்கான காயம் ஏற்பட்டால், தடுப்பூசியுடன் ஆயத்த எதிர்ப்பொருள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டியிருக்கும்.

துருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துரு டெட்டனஸை உண்டாக்குவதில்லை. அந்நோயின் கிருமி மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் விதை போன்ற கடினமான உறைக்குள் உறங்கிக் கிடக்கிறது. பிராணவாயு எட்டாத ஆழத்தில்தான் அது விழித்துப் பெருகும். வெளியில் மண்ணில் கிடந்த ஆணி துருப்பிடித்திருக்கும், ஆழமாகவும் குத்தும் என்பதால் துருவின் மீது பழி விழுந்துவிட்டது. பளபளக்கும் புது ஆணியும், தோட்டத்து முள்ளும் அதே ஆபத்தைக் கொண்டுவரக்கூடும். வியப்பான ஒன்று: டெட்டனஸ் நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட அதற்கெதிரான எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. உயிரைப் பறிக்கப் போதுமான நச்சின் அளவு, எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டுகொள்வதற்கும் போதாத அளவுக்குச் சிறியது. ஆகவே பிழைத்தவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: தெரு நாய் ஒன்று என் மகளின் காலில் பல் பதித்தது. இரத்தம் வரவில்லை, லேசான கீறல்தான், அவளுக்கு வலியும் இல்லை. ஊசி அவசியமா என்று நான்கு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: அம்மா, இனியும் யோசிக்க வேண்டாம். இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, மகளை இன்றே அழைத்துச் செல்லுங்கள். நான்கு நாள் தாமதமாகிவிட்டது, இனி பயனில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். அறிகுறி தோன்றுவதற்கு முன் எந்த நாளில் போனாலும் சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

இரத்தம் வராத கீறலுக்கும் ரேபிஸ் தடுப்பூசி தேவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தோல் கிழிந்து இரத்தம் வந்தாலோ, ஏற்கெனவே இருக்கும் புண்ணை நாய் நக்கினாலோ, தடுப்பூசியுடன் காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் சேர்த்துத் தர வேண்டும். கீறல் இல்லாத தோலை நக்கியது மட்டும் என்றால் கழுவினால் போதும். ரேபிஸ் வைரஸ் இரத்தத்தில் பரவுவதில்லை. கடிபட்ட இடத்தின் நரம்புக்குள் நுழைந்து, மெல்ல மூளையை நோக்கிப் பயணிக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம், சிலருக்குச் சில நாட்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அந்தப் பயண காலம் முழுவதும் கடிபட்டவருக்கு எதுவும் தெரியாது. அறிகுறி தொடங்கிய பிறகோ அனேகமாக எவரையும் காப்பாற்ற முடிவதில்லை. 1885ஆம் ஆண்டு ஜூலையில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி செலுத்தியபோது நம்பியதும் இந்த இடைவெளியைத்தான்: வைரஸ் மூளையை அடைவதற்கு முன் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. சிறுவன் பிழைத்தான்.

மற்ற வாசகர்களும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்த உடனே, மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே, ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். பதினைந்து நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்தால்தான் புரியும் அளவுக்கு நீண்ட நேரம். பொடியோ களிம்போ எண்ணெயோ எதையும் அதன்மேல் அப்பாதீர்கள்.

கேள்வி: சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறினால் ஆன்டிபயாடிக் தேவை என்கிறார்களே? முன்பு மிச்சமான மாத்திரைகள் வீட்டில் இருக்கின்றன.

பதில்: சளியின் பச்சை நிறம் உங்கள் வெள்ளை அணுக்களிலிருந்து வருகிறது. கிருமிகளைக் கொல்வதற்காக அவை வைத்திருக்கும் நொதி ஒன்று, இரும்பு கலந்திருப்பதால் இயல்பிலேயே பச்சை நிறமுடையது. வைரஸால் வந்த சாதாரண ஜலதோஷத்திலும் மூன்றாம் நான்காம் நாளில் சளி அந்த நிறத்துக்கு மாறும். வைரஸ் மீது ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது. பத்து நாட்களாகியும் குறையாமல் இருந்தாலோ, குறைந்து வந்தது திடீரென்று மோசமானாலோ, கடும் காய்ச்சலுடன் முகத்தில் வலி இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

மிச்சமான மாத்திரைகளைப் பற்றிக் கேட்டதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கித் தேவைக்குக் குறைவாக உட்கொள்ளும் காலம் வரலாம், அதனால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். தேவையில்லாமல் உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் நம் குடலிலும் தோலிலும் தொல்லையின்றி வாழும் பாக்டீரியாக்களில் பலவீனமானவற்றை அழித்து, மருந்துக்கு அசையாதவற்றைப் பெருக விடுகிறது. பின்னாளில் உண்மையாகவே தொற்று வரும்போது எதிரே நிற்பவை அவைதான். அந்த மாத்திரைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்கிறாரோ அத்தனை நாள் சாப்பிடுங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம்.

கேள்வி: நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதற்கு எந்த மாத்திரை நல்லது?

பதில்: எதிர்ப்புச் சக்தியைத் தண்ணீர்த் தொட்டியின் மட்டம்போல் நினைத்துத்தான் கூட்டலாமா என்று கேட்கிறோம். உண்மையில் அது எப்போது பாய வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பலவகை அணுக்களின் கூட்டு வேலை. அது தேவைக்கு மேல் கிளர்ந்தால் ஒவ்வாமை, ஆஸ்துமா, மூட்டுகளைத் தானே தாக்கும் வாத நோய் போன்றவை வரும். வைட்டமின் சி மாத்திரையை ஆண்டு முழுவதும் சாப்பிட்டாலும் பெரும்பாலானோருக்கு ஜலதோஷம் வரும் எண்ணிக்கை குறைவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வந்த ஜலதோஷம் சிறிது சீக்கிரம் நீங்கலாம், அவ்வளவுதான். குறைபாடு இருப்பவருக்கு மட்டுமே ஈடுசெய்வதால் பலன் உண்டு.

நான் பரிந்துரைப்பது உறக்கம். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களின் மூக்கில் ஜலதோஷ வைரஸைச் சொட்டாக விட்டுக் கண்காணித்தார்கள். முந்தைய நாட்களில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் உறங்கியவர்களைக் காட்டிலும் ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. அடுத்தது, புகைப்பதை நிறுத்துவது. அதற்கடுத்தது, தடுப்பூசிகளை விடாமல் போட்டுக்கொள்வது. இயற்கையாகவே நோய் வந்து போனால் எதிர்ப்புச் சக்தி வலுப்படும் என்று நம்புகிறவர்கள் தட்டம்மையைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, தட்டம்மை வந்து போனபின், மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் ஏற்கெனவே ஈட்டி வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோயிருந்தன. தட்டம்மை, எதிர்ப்புச் சக்தியின் நினைவையே துடைத்துவிடுகிறது.

கேள்வி: என் தந்தைக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். உள்ளங்காலில் பட்டாணி அளவில் ஒரு புண் இருக்கிறது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. வலியே இல்லை, காய்ச்சலும் இல்லை, அதனால் அவர் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார்.

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் கலங்கவைத்தது இதுதான். வலி இல்லை என்பது உங்கள் தந்தைக்கு ஆறுதலாக இருக்கிறது. எனக்கு அதுவே கவலை. பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்தால் காலின் நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. செருப்புக்குள் கிடந்த கல்லை மாலைவரை உணராமல் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கும் காலை நாம் தானாகவே ஊன்றாமல் காப்பாற்றுகிறோம். வலிக்காத காலோ ஒவ்வோர் அடியிலும் முழு எடையையும் புண்ணின் மீதே வைக்கிறது. குறுகிய இரத்தக் குழாய்கள் வழியே வெள்ளை அணுக்கள் வந்து சேர்வதும் குறைகிறது, வந்தவையும் மிகுந்த சர்க்கரையில் மந்தமாகவே செயல்படுகின்றன. இதனால் தொற்று எலும்பு வரை இறங்கிய பின்பும் காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். மேலே பட்டாணி அளவு தெரியும் புண்ணின் அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

நாளைக்கே அழைத்துச் செல்லுங்கள். அங்கே மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள், பாதத்தின் நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள், தேவையானால் எலும்புக்கு எக்ஸ்-ரே எடுப்பார்கள். இறந்த திசுவை அகற்றி, அந்த இடத்தில் எடை விழாதபடி தனிக் காலணியோ மாவுக்கட்டோ தருவார்கள்; புண் ஆறுவதற்கு மாத்திரையைவிட இதுவே பெரிதும் உதவும். அதுவரை அவரை வெறுங்காலில் நடக்கவிடாதீர்கள். வெந்நீரில் காலை ஊறவைக்கவும் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். அவர் வர மறுத்தால், அவருடைய இரு பாதங்களையும் கைபேசியில் படம் எடுத்து அவரிடமே காட்டுங்கள். தன் உள்ளங்காலை அவர் பல மாதங்களாகப் பார்த்திருக்கவே மாட்டார்.